சந்தூர் வீட்டுக் குழு: பிடரிக் கட்டி

செல்வி: இவருக்குப் பிடரியில் மறுபடியும் கட்டி. சட்டைக் காலர் பட்டாலே துடிக்கிறார். டாக்டர் சீட்டில் ‘பாயில்’ என்று எழுதியிருக்கிறார். பாயில் என்றால் கொதிக்கிறதுதானே? உடம்புச் சூடுதான் போல.

ராஜம்மாள்: செந்தூரா மாம்பழம் பழுத்ததிலிருந்து தோப்பில் நின்றபடியே தின்கிறான். சூடு ஏறாமல் என்ன செய்யும்? சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்துப் போடு செல்வி, உடைந்துவிடும்.

சுமதி: அண்ணி, சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். தோல் வெந்துவிடும்.

கவிதா: சித்தி, இந்த பாயில் வேறு, தண்ணீர் கொதிக்கிற பாயில் வேறு. கொதிக்கிறது லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்தது. லத்தீனில் ‘புல்லா’ என்றால் நீர்க்குமிழி. கட்டியைச் சொல்கிற பாயில் அதற்கு முன்பிருந்தே ஆங்கிலத்தில் இருக்கிறது, வீக்கம் என்ற பொருளில். ஜெர்மனில் அதன் உறவுச்சொல் ‘பாய்லெ’. நெற்றி புடைத்தாலும் பாய்லெ, கார் கதவு நசுங்கினாலும் பாய்லெ. சூடு என்ற பேச்சே அதில் இல்லை.

தினேஷ்: அப்புறம் ஏன் அக்கா ரெண்டுக்கும் ஒரே ஸ்பெல்லிங்?

கவிதா: முன்பு கட்டியை ‘பைல்’ என்றுதான் சொன்னார்கள். கொதிக்கிற சொல்லின் சாயல் ஏறித்தான் பாயில் ஆகியிருக்கும் என்பது அகராதிக்காரர்கள் கணிப்பு.

ராஜம்மாள்: சரி, கத்திரி வெயிலில்தானே இந்தக் கட்டியெல்லாம் கிளம்புகிறது? சூடு இல்லாமலா?

சுமதி: வெயிலில் அதிகம் வருவது உண்மைதான் அண்ணி. வியர்வையும் உரசலும் சேர்ந்து மயிர்க்கால் புண்ணானால் கிருமி உள்ளே போகும். ஸ்டெஃபைலோகாக்கஸ் என்று பெயர். 1880இல் ஸ்காட்லாந்து சர்ஜன் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் சீழை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். திராட்சைக் கொத்து மாதிரி இருந்தது, கிரேக்கத்தில் அதையே பெயராக வைத்துவிட்டார். மாம்பழம் தின்று கட்டி வருவதில்லை. தம்பி, தோளில் கிரேட் தூக்குகிறாயே, அந்தத் துண்டு எப்போது துவைத்தது?

முருகன்: அறுவடை முடிகிற வரைக்கும் அதே துண்டுதான் அக்கா. காம்பு கிள்ளும்போது பீய்ச்சுகிற பாலையும் அதிலேதான் துடைக்கிறேன்.

சுமதி: அதுதான். மாங்காய்ப் பால் பட்டாலே தோல் வெந்து கறுத்துப்போகும். அந்தத் துண்டால் பிடரியைத் தேய்த்தால்? வெந்நீரில் ஊறவைத்துத் துவை, வேறு யாரும் எடுக்கக் கூடாது. கட்டிக்கு வெந்நீர் ஒத்தடம், ஒரு தடவைக்கு 10 நிமிஷம், ஒரு நாளைக்கு 3, 4 தடவை. பிதுக்காதே. மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே.

செல்வி: இந்த வருஷம் வந்துகொண்டே இருக்கிறது அண்ணி. இந்தத் தடவை ஒரே கட்டியில் ரெண்டு மூன்று கண் தெரிகிறது.

சுமதி: இதை முதலிலேயே சொல்லக் கூடாதா செல்வி? சர்க்கரை பார்த்தீர்களா?

முருகன்: எனக்கென்ன சர்க்கரை அக்கா. நன்றாகத்தான் இருக்கிறேன்.

ராஜம்மாள்: முருகா, மாமா போனது ராஜபிளவையில். அவருக்கும் பிடரியில்தான். இப்படித்தான் பல கண்ணாக உடைந்தது. சர்க்கரை இருப்பதே கடைசியில்தான் தெரிந்தது. நீ அப்போது சின்னப் பையன்.

கவிதா: ராஜபிளவைக்கு ஆங்கிலத்தில் ‘கார்பங்கிள்’, அம்மா. லத்தீனில் சின்னக் கரித்துண்டு என்று பொருள். சிவப்பு ரத்தினக் கல்லுக்கும் ஒரு காலத்தில் அதே பெயர்தான். கனல் மாதிரி சிவந்திருப்பதால் வந்தது.

சுமதி: பல கட்டிகள் அடியில் ஒன்றாகச் சேர்ந்தால் அதுதான். இது அதுவேதான் என்று நான் சொல்லவில்லை தம்பி, பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் அப்பாவுக்கு இருந்தது, உனக்கும் வயது ஆகிறது. காலையில் வெறும் வயிற்றோடு கிருஷ்ணகிரி வா. ரத்தம் கொடுத்துவிட்டு சர்ஜனையும் பார்த்துவிடலாம். ராத்திரி காய்ச்சலோ குளிரோ வந்தால் விடிகிற வரை காத்திருக்காதே, உடனே கிளம்பு.

முருகன்: நாளைக்கு கூழ் ஃபேக்டரிக்கு லோடு ஏற்ற வேண்டும் அக்கா. தோத்தாபுரி பறித்து வைத்திருக்கிறேன்.

தினேஷ்: மாமா, லோடை நான் ஏற்றிவிடுகிறேன். எடைச் சீட்டு யாரிடம் வாங்க வேண்டும்?

முருகன்: செல்வி வருவாள். ஃபேக்டரியில் அவளுக்கு எல்லாம் தெரியும்.

செல்வி: இவரை முதல் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன் அண்ணி. டீ கூடக் கொடுக்க மாட்டேன்.