62ஆம் எண் கார்: ஏன் டேட்டோனா, டல்லடேகா பக்கம் மட்டும்?

கேள்வி: அமெரிக்காவின் நாஸ்கார் கப் கார் ரேஸ் தொடரில், 62ஆம் எண் காரை இறக்கும் பியர்டு மோட்டார்ஸ்போர்ட்ஸ் அணி வருடத்துக்குச் சில ரேஸ்களில்தான் தலைகாட்டுகிறது. ஒவ்வொரு ரேஸிலும் இடத்தை உறுதிசெய்யும் சார்ட்டரும் இல்லை. எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள்?

பதில் 1: டிராக்கைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதால்தான். 2017 டேட்டோனா 500 அவர்களுடைய முதல் கப் ரேஸ். பிரெண்டன் கான் 11ஆவதாக வந்தார், 2020இல் 7ஆவது. டேட்டோனா, டல்லடேகா போன்ற நீளமான, அதிவேக டிராக்கான சூப்பர்ஸ்பீட்வேயில் எஞ்சினுக்குள் போகும் காற்றையே குறைத்துவிடுவார்கள், பவர் வித்தியாசம் சுருங்கிவிடும். டிராஃப்டில், அதாவது முன்னால் போகும் காரின் காற்று மறைவில், ஒட்டிக்கொண்டு, கடைசிச் சுற்றுகளின் பெரிய மோதலில் சிக்காமல் தப்பினால் போதும். சாதாரண 1.5 மைல் டிராக்கில் இந்தக் கணக்கு செல்லாது.

பதில் 2: உள்ளே நுழைவதுதான் பெரிய தலைவலி. 2016 முதல் 36 சார்ட்டர், 40 இடம், மிச்சம் நாலு. டேட்டோனா 500இல் ஓபன் கார்களில், அதாவது சார்ட்டர் இல்லாதவற்றில், இரண்டு கார் நேர ஓட்டத்திலும், இன்னும் இரண்டு கார் டூயல் எனும் தகுதி ரேஸ்கள் வழியாகவும் வரும். 2021இல் நோவா கிராக்ஸன், 2023இல் ஆஸ்டின் ஹில் இருவருக்கும் இடம் கிடைக்கவில்லை. டூயலில் கார் நொறுங்கினால் அவ்வளவுதான்.

பதில் 3: 2022இல் புதிய வகைக் கார் வந்தபின் சேஸிஸை (காரின் அடிச்சட்டம்) எல்லா அணிகளும் ஒரே சப்ளையரிடம்தான் வாங்க வேண்டும். ஆனால் முன், நடு, பின் என மூன்று துண்டு; முன்பாகம் மட்டும் வளைந்தால் போல்ட்டைக் கழற்றி மாற்றிவிடலாம். நடுப்பகுதி அடிவாங்கினால்தான் சிக்கல்.