பழைய ஆக்டேவியா விஆர்எஸ் வாங்கலாமா? வாங்கினா எதை மாத்தலாம்?

வேளச்சேரி_விசிறி:
வணக்கம் மக்களே. ரொம்ப நாளா மனசுல இருக்கிற வண்டி, ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ், 2017ல வந்த 230 மாடல், இப்ப ஒண்ணு மாட்டியிருக்கு. பெங்களூர் ரெஜிஸ்ட்ரேஷன், செகண்ட் ஓனர், 68 ஆயிரம் கிலோமீட்டர்னு மீட்டர் காட்டுது, வண்டி அண்ணா நகர்ல ஒரு புரோக்கர்கிட்ட நிக்குது. இந்தியாவுக்கே மொத்தம் 500தான் வந்துச்சு, விட்டா கிடைக்காதுன்னு அந்த ஆளு விரட்டுறாரு. வீட்ல ஸ்போர்ட்ஸ் கார்னு மூச்சு விடல, நாலு கதவு பெரிய டிக்கி, எல்லாரும் திருப்பதி போய்ட்டு வரலாம்னு சொல்லி வச்சிருக்கேன் :) என்னென்ன பாக்கணும்? ஸ்டேஜ் 1 ரீமேப் (பவர் கூட்ட இன்ஜின் சாஃப்ட்வேர மாத்துறது), லோயரிங் ஸ்பிரிங் (வண்டிய கீழ இறக்குற ஸ்பிரிங்), எக்ஸாஸ்ட் (சைலன்சர்) இதுக்குன்னு தனியா ரெண்டு லட்சம் எடுத்து வச்சிருக்கேன், போதுமா?

பூஸ்ட்_கேஜ்:
அந்த ரெண்டு லட்சத்த மாடிஃபிகேஷன் காசுன்னு நினைக்கிறத முதல்ல நிறுத்துங்க ப்ரோ. 230 பிஎஸ் பவர், 350 என்எம் டார்க் (இழுவை), அதுவும் முன் வீல் ரெண்டுல மட்டும், கம்பெனி கொடுத்த நிலையிலேயே மழைல மிதிச்சீங்கன்னா வீல் சும்மா சுத்தும். அதனால வண்டிய ஒழுங்கான நிலைக்குக் கொண்டுவரத்தான் முதல் காசு.

போறதுக்கு முன்னாடியே போன்ல சொல்லிடுங்க, நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு. போனதும் பானெட்ல கை வச்சுப் பாருங்க, சூடா இருந்தா ஏதோ மறைக்கிறாங்கன்னு அர்த்தம். அப்புறம் கூலன்ட், அதாவது இன்ஜின குளிர வைக்கிற திரவம். இந்த 2.0 டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல் இன்ஜின்ல வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த ஒரு பிளாஸ்டிக் ஹவுசிங், இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழ ஒளிஞ்சிருக்கும், லீக் ஆகிறது ஊரறிஞ்ச விஷயம். டார்ச் அடிச்சுப் பாருங்க, பிங்க் கலர்ல உப்புப் பூத்த மாதிரி காஞ்சு ஒட்டியிருந்தா அதான். டேங்க்ல லெவல் சரியா இருக்குன்னு ஏமாறாதீங்க, காலைலதான் ஊத்தியிருப்பாங்க.

கியர்பாக்ஸ் 6 ஸ்பீடு வெட் கிளட்ச் டிஎஸ்ஜி (ரெண்டு கிளட்ச் வச்ச ஆட்டோமேட்டிக், கிளட்ச் ஆயில்ல முங்கியிருக்கும்), போலோ ஜிடில வந்த 7 ஸ்பீடு டிரை கிளட்ச் மாதிரி பயப்பட வேண்டியதில்ல, ஆனா 60 ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயிலும் ஃபில்டரும் மாத்தியே ஆகணும், நீங்க சொல்ற வண்டி அந்தக் கணக்க தாண்டிடுச்சு, மாத்தின பில் கேளுங்க, வாய்ல சொன்னா செல்லாது. ஓட்டிப் பாக்க காலியா இருக்கிற ரோட்டுக்குப் போகாதீங்க, சாயங்காலம் கோயம்பேடு டிராஃபிக்ல உருட்டுங்க, ரெண்டாவது கியர்லேர்ந்து ஒண்ணுக்கு இறங்கும்போது இடிச்சா தெரிஞ்சிடும்.

ஸ்கேனர் இருக்கிற மெக்கானிக்க கூட்டிட்டுப் போங்க, மீட்டர்ல கிலோமீட்டரக் குறைச்சாலும் சில நேரம் மத்த மாட்யூல்ல பழைய கணக்கு மாட்டிக்கும்.

ஆர்சி_புக்:
மேல சொன்னது இன்ஜின், நான் பேப்பர் ஆளு. கர்நாடகா வண்டின்னா அங்க ஆர்டிஓல என்ஓசி (ஆட்சேபணை இல்லைன்னு சர்டிஃபிகேட்) வாங்கி இங்க ரீ-ரெஜிஸ்டர் பண்ணணும், தமிழ்நாட்டு டாக்ஸ் தனியா கட்டணும், அங்க கட்டினதுல மிச்சத்த ரீஃபண்ட் கேட்டு அலையுறது உங்க பாடு. இத கணக்குப் போட்டுட்டு விலை பேசுங்க. இன்சூரன்ஸ் 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்துங்க, பழைய ஓனரோட நோ கிளைம் போனஸ் (கிளைம் பண்ணாததுக்குப் பிரீமியத்துல தர்ற தள்ளுபடி) உங்களுக்கு வராது.

எக்ஸாஸ்ட் பத்தி. மோட்டார் வாகனச் சட்டம் 52ம் பிரிவு, 2019ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு, கம்பெனி கொடுத்த ஒரிஜினல் ஸ்பெசிஃபிகேஷன இஷ்டத்துக்கு மாத்தக்கூடாது. ஃபைன் கூட பரவால்ல, சொல்லாம பண்ணின மாடிஃபிகேஷன காட்டி கிளைம்ல இழுத்தடிப்பான் பாருங்க, அதான் வலி. ரீமேப்பும் இதுல சேர்த்திதான், வெளிய தெரியாதுங்கிறதால மக்கள் துணிஞ்சு பண்றாங்க.

கத்திப்பாரா_கார்னர்:
லோயரிங் ஸ்பிரிங்கா, வேளச்சேரிலயா? ஏன் சார், மழை அலர்ட் வந்தா உங்க ஏரியா ஆளுங்க காரெல்லாம் மேம்பாலத்துல ஏத்தி நிறுத்துற ஊர்ல வண்டிய இன்னும் கீழ இறக்குறீங்க :D அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் ரேம்ப்லயே வயிறு தட்டும்.

நான் பண்ண சொல்றது: நல்ல டயர் நாலு (சைடுல நாலு இலக்க டேட் கோடு, முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம், டயர் பட்டன் தேயாம நிறைய இருந்தாலும் ரப்பர் கிழடா இருக்கலாம்), பிரேக் பேட் கொஞ்சம் கடிக்கிற மாதிரி ஒண்ணு, புது பிரேக் ஃப்ளூயிட். இதுக்கே ஈசிஆர்ல வேற வண்டி மாதிரி இருக்கும். வேகத்துக்கு ஆசைன்னா இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்ல டிராக் டே (நம்ம வண்டிய அங்க ஓட்ட விடுற நாள்) வரும்போது போங்க, மகாபலிபுரம் ரோட்டுல குழந்தை குட்டியோட போறவங்க நடுவுல வேணாம். ரீமேப் ஒரு வருஷம் ஓட்டிட்டு முடிவு பண்ணுங்க.

ஆங், 2023 மிச்சாங் புயல் வெள்ளத்துல முங்கின வண்டியான்னும் பாத்துக்குங்க, பெங்களூர் நம்பரா இருந்தா என்ன, எங்க நின்னுச்சோ. சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்து சேத்துக் கறை இருக்கான்னு பாருங்க, ஸ்டெப்னி குழிய தடவுங்க, சீட் ரெயில்ல துரு இருக்கான்னு பாருங்க.

வேளச்சேரி_விசிறி:
போய்ட்டு வந்தேன். பெல்ட், ஸ்டெப்னி குழி எல்லாம் சுத்தம். ஆனா அந்த ஹவுசிங் பக்கம் பிங்க் கறை இருக்கு, கேட்டா வாட்டர் வாஷ் பண்ண ஷாம்புங்கிறாரு. கியர் ஆயில் பில்லும் இல்ல. வண்டி ஓட்ட மட்டும் அப்படி ஒரு சுகம், என்ன பண்றது சொல்லுங்க.

பூஸ்ட்_கேஜ்:
ஷாம்புவா, நல்லா வாயில வருது எனக்கு. ஹவுசிங், கியர் ஆயில் ரெண்டுக்கும் ஒர்க்‌ஷாப்ல எஸ்டிமேட் எழுதி வாங்குங்க, டாக்ஸையும் சேர்த்து மொத்தமா விலைல கழிக்கச் சொல்லுங்க. முரண்டு பிடிச்சா கிளம்பிடுங்க. 2020ல 245 மாடல் ஒரு 200 வந்துச்சு, அதுவும் அப்பப்ப விலைக்கு வருது, கொஞ்சம் காசு கூட ஆகும்.