புதுப்பிப்பு: லேண்ட் குரூசர், கேரவன், கேமரன் மலை

போன மாதம் கேட்டிருந்தேனே, மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்கு என் பழைய லேண்ட் குரூசர் 200 ஜீப் கேரவனை (பின்னால் மாட்டி இழுக்கும் சக்கர வீட்டை) இழுக்குமா என்று. "மூன்றரை டன் இழுக்கிற வண்டிண்ணே, யோசிக்காதீங்க" என்று பாதிப் பேர் சொன்னீர்கள். சரி, நிறுத்தே பார்த்துவிட்டேன். செம்பனை ஆலை எடைமேடையில், குலை ஏற்றிய லாரிகளுக்கு நடுவே வரிசையில் நின்று, கிராணி சிரிக்கச் சிரிக்க.

கேரவனை விற்றவர் சொன்ன 2,300 கிலோ அதன் காலி எடை. 150 லிட்டர் தண்ணீர் (அதுவே 150 கிலோ), கேஸ், பேட்டரி, மாமியாரின் அம்மி எல்லாம் ஏறியதும் 2,760. 3,500க்குள்தான், ஆனால் சிக்கல் அங்கே இல்லை. அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, 276 கிலோ, கேரவனை மாட்டும் வண்டிக் கொக்கியின் மேல் உட்காருகிறது. அது வண்டி சுமக்கும் கணக்கில் சேரும். என் வண்டி சுமக்கக்கூடியது மொத்தமே 650 கிலோ, ஐந்து பேர் 370, மிச்சம் 4 கிலோ. அரிசிப் பைகூட ஏறாது!

அப்புறம், அந்த 3,500ம் பின்னால் இழுபடும் கேரவனுக்குத் தனி பிரேக் இருந்தால்தான், இல்லாவிட்டால் 750. என் கேரவனில் பிரேக் வயர் கழன்று தொங்கியதை எடைமேடையில் குனிந்தபோதுதான் பார்த்தேன்.

வயரை மாட்டியாயிற்று. தண்ணீரை மலைமேல் தானா ராத்தா ஊரில் பிடித்துக்கொள்கிறோம். மாமியாரும் அம்மியும் மைத்துனரின் மைவி காரில்.