ஓவன் சூடேறும்போது மட்டும் வேக்குவம் இறங்குகிறது: சீல் செய்த இடங்களில் எங்கே பார்ப்பது?

கேள்வி:
வணக்கம். பெங்களூரில் விமான உதிரிபாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் கார்பன் ஃபைபர் பிரீபிரெக் (முன்பே ரெசின் ஊட்டிய இழைத் துணி) அடுக்கும் பிரிவில் இருக்கிறேன். ஆட்டோகிளேவ் (அழுத்தத்தோடு சூடேற்றும் கலன்) இல்லாமல், வேக்குவத்தை மட்டும் நம்பி ஓவனில் க்யூர் செய்கிறோம், அதாவது ரெசினைச் சூட்டில் இறுக வைக்கிறோம். அச்சு உட்குழிவானது. அடுக்குகளின்மேல் நைலான் ஃபிலிமைப் பைபோல் மூடி, விளிம்பைச் சீலன்ட் டேப்பால் ஒட்டி, பம்பின் வால்வை மூடிக் கசிவுச் சோதனை செய்தால், ஐந்து நிமிடத்தில் கேஜ் முள் அரை அங்குலம்கூட (பாதரச அளவில்) இறங்குவதில்லை. ஓவன் 80 டிகிரியைத் தாண்டியதும் முள் இறங்குகிறது. ஆறிய பின் சோதித்தால் கசிவு ஏறக்குறைய இல்லை. பாகத்தின் உள்மூலைகளில் ஊசித்துளைகள் தெரிகின்றன. மேலும், செயல்முறைத் தாள் 28 அங்குலம் கேட்கிறது. எங்கள் கேஜ் 26.5 அங்குலத்தைத் தாண்டியதே இல்லை. பம்பை மாற்ற வேண்டுமா?

மறுமொழி 1:
பம்பை மாற்ற வேண்டாம். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 29.92 அங்குலம், ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் அது சுமார் 27 அங்குலம்தான். இல்லாத அழுத்தத்தை எந்தப் பம்பாலும் காட்ட முடியாது. பைக்குள் மிஞ்சியிருக்கும் அழுத்தத்தை நேரடியாகக் காட்டும் கேஜை வாங்கி, செயல்முறைத் தாளின் 28 அங்குல வரம்பை அதன்படி மாற்றித் தருமாறு உங்கள் பொறியியல் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். ஆட்டோகிளேவில் ஆறேழு பார் அழுத்தம் காற்றுக்குமிழிகளை நசுக்கிவிடும். உங்கள் முறையில் அந்த உதவி கிடையாது என்பதால் சிறு கசிவும் பாகத்தில் தெரியும்.

மறுமொழி 2:
ஃபிலிம் கிழிந்திருந்தால் ஆறிய பிறகும் ஓட்டை இருக்கும். ஆகவே நான் முதலில் சந்தேகப்படுவது தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் உணரி) கம்பிகள் பையிலிருந்து வெளியேறும் இடத்தை. சூட்டில் டேப் இளகுகிறது. ஓவனின் விசிறிக் காற்று தொங்கும் கம்பியை ஆட்டி இழுக்க, கம்பியை ஒட்டி ஒரு மெல்லிய வழி திறக்கிறது. கம்பியின் உறை கண்ணாடி இழைப் பின்னலாக இருந்தால், அந்தப் பின்னலுக்குள்ளேயே காற்று ஊர்ந்து வரும். டேப்புக்குள் புதையும் பகுதியில் மட்டும் உறையை உரித்து, இரு கம்பிகளும் ஒன்றையொன்று தொடாதபடி பிரித்து, கீழொரு டேப் மேலொரு டேப் வைத்து விரலால் அழுத்துங்கள்; வெளியே வரும் கம்பியை அச்சின் விளிம்போடு கட்டிவிடுங்கள்.

மூலைகளின் ஊசித்துளைகளுக்கு வேறு காரணமும் இருக்கலாம். ஃபிலிம் மூலையில் படியாமல் பாலம்போல் விறைத்து நின்றால், அங்கே அடுக்குகளின்மேல் அழுத்தமே விழாது. அந்த விறைப்பு டேப்பையும் இழுக்கும். ஒவ்வொரு உள்மூலைக்கும் நேரே டேப்பைச் செங்குத்தாக நிறுத்தி ஃபிலிமில் தளர்வான மடிப்பு வைத்து, முழு வேக்குவம் ஏறுமுன் ஃபிலிமைக் கையால் மூலைக்குள் தள்ளுங்கள். நைலான் ஈரப்பதம் குறைந்தால் முறுகும். உறை பிரித்த சுருளை ஏசி அறையில் திறந்தபடி வைக்காதீர்கள். டேப் ஒட்டும் விளிம்பில் ரிலீஸ் திரவம் (பாகம் அச்சில் ஒட்டாமலிருக்கப் பூசுவது) படிந்திருந்தாலும் பிடிப்பு போய்விடும்.

கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. அல்ட்ராசானிக் கசிவுக் கருவியைக் கொண்டுபோனதும் கம்பி வெளியேறும் இடத்திலேயே ஒலி கேட்டது. சொன்னபடி மாற்றிய பின் சூட்டிலும் முள் நிற்கிறது. ஊசித்துளை உள்ள பழைய பாகங்களை ரெசின் பூசிச் சரிசெய்யலாமா?

மறுமொழி 2:
தயவுசெய்து பூசாதீர்கள். மேலே தெரியும் துளைக்குக் கீழே அடுக்குகளுக்கிடையில் எவ்வளவு காற்று இடைவெளி இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. பாகங்களைத் தனியே ஒதுக்கி, வேக்குவம் இறங்கிய பதிவுடன் தரப் பிரிவிடம் கொடுங்கள். அல்ட்ராசானிக் ஸ்கேன் பார்த்த பின் ஏற்பதா கழிப்பதா என்று அவர்கள் முடிவு செய்யட்டும்.