பழைய போனில் பெரிய கேம்: பத்து நிமிடம் ஒழுங்காக ஓடி, பிறகு திக்குகிறது

நுணல் (கேள்வி)

போன்: ஸ்னாப்டிராகன் 660, 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ் (5 ஜிபிதான் காலி), ஆண்ட்ராய்டு 10, திரை 1080 × 2340. பேட்டரி மாற்றியதில்லை, ஐந்து வருஷம் தாண்டிவிட்டது.

கேம்: ஓப்பன் வேர்ல்ட் வகை, 18 ஜிபி. கிராபிக்ஸ் மீடியம், எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) 60-இல் வைத்திருக்கிறேன்.

தொடக்கத்தில் 38–40 எஃப்பிஎஸ் வருகிறது. 12 நிமிடம் ஆனதும் 18–20க்கு இறங்கிவிடுகிறது. புதுப் பகுதிக்குள் நுழைந்தால் அரை நொடி உறைகிறது. கால் பேசிவிட்டுத் திரும்பினால் கேம் முதலிலிருந்து லோட் ஆகிறது. 28% சார்ஜ் இருக்கும்போதே ஒருமுறை போன் அணைந்தும் போனது. ரேம் கிளீனர் போட்டும் பயனில்லை. ஃபேக்டரி ரீசெட் செய்யலாமா?

சில்லு

ரீசெட் வேண்டாம் சகோ. அது எதையும் தீர்க்காது. கெஸ்ட் கணக்கில் ஆடுகிறீர்கள் என்றால் சேர்த்துவைத்த எல்லாம் போய்விடும்.

நீங்கள் எழுதியிருப்பது ஒரு பிரச்சினை இல்லை, நாலு. 12 நிமிடத்தில் வேகம் இறங்குவது சூடு. புது இடத்தில் உறைவது ஸ்டோரேஜும் ஷேடரும் (ஒளி, நிறத்தை எப்படி வரைவது என்று கிராபிக்ஸ் சிப்புக்குச் சொல்லும் சின்ன புரோகிராம்). கால் பேசியபின் ரீலோட் ஆவது ரேம். 28%-இல் அணைவது பேட்டரி. நாலுக்கும் ஒரே மருந்து தேடினால் கிடைக்காது.

முதலில் சூட்டை உறுதிப்படுத்துங்கள். திக்க ஆரம்பித்ததும் கேமை முழுசாக மூடி உடனே திறங்கள். அப்போதும் 18 என்றால் கேம் மெமரியைக் கசியவிடுகிறது என்ற சந்தேகம் போயிற்று. அடுத்து, கேமை மூடித் திரையை அணைத்து 15 நிமிடம் வைத்துவிட்டுத் திறங்கள். மறுபடி 40 வந்தால் சூடேதான்.

660 என்பது 14 நானோமீட்டர் சிப். அதன் நாலு பெரிய கோர்கள் 2.2 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், ஆனால் விசிறி இல்லாத ஒரு மெல்லிய பெட்டிக்குள் அந்த வேகத்தைத் தொடர்ந்து தாங்க முடியாது. சூடு வரம்பைத் தொட்டதும் சிஸ்டம் கடிகார வேகத்தைக் குறைக்கும். இதைத்தான் திராட்லிங் என்கிறோம். 60-இல் வைத்திருப்பதுதான் இங்கே பெரிய தப்பு. போன் எப்படியும் 60-ஐத் தொடப்போவதில்லை, ஆனால் தொடுவதற்காக விடாமல் மூச்சிரைக்க ஓடிக்கொண்டே இருக்கும். எஃப்பிஎஸ்-ஐ 30-இல் பூட்டுங்கள். ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிநொடிக்குப் பதில் 33.3 மில்லிநொடி கிடைக்கும். வேலை முடிந்த மிச்ச நேரத்தில் சிப் சும்மா இருக்கும், வேகத்தையும் இறக்கிக்கொள்ளும். சிப் இழுக்கும் மின்சக்தி வேகத்தோடு மட்டுமல்ல, மின்னழுத்தத்தின் இருமடியோடும் கூடுகிறது. வேகம் குறைந்தால் அழுத்தமும் குறையும். அதனால்தான் கொஞ்சம் இறக்கினாலே சூடு நிறையக் குறைகிறது. 40-இல் தொடங்கி 18-இல் விழுவதைவிட நிலையான 30 கண்ணுக்கும் கைக்கும் எவ்வளவோ மேல்.

கவர் கழற்றி ஆடுங்கள். சார்ஜ் போட்டுக்கொண்டே ஆடவே கூடாது, சிப்பின் சூட்டோடு பேட்டரியின் சூடும் சேரும். ஃப்ரிட்ஜில் வைத்து எடுக்கும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் கோத்துவிடும்.

வேகவண்டு

கேம் பூஸ்டர் ஆப் போட்டு, டெவலப்பர் ஆப்ஷனில் 4எக்ஸ் எம்எஸ்ஏஏ ஆன் பண்ணுங்க ப்ரோ. கிராபிக்ஸ் சும்மா அள்ளும்.

கல்லுளி

எம்எஸ்ஏஏ என்பது விளிம்புகளை மழுமழுவென்று காட்டும் வேலை. அதை வலுக்கட்டாயமாக ஆன் செய்தால் கிராபிக்ஸ் சிப்புக்குச் சுமை கூடும், ஏற்கெனவே திணறும் போனில் இது எதிர்மருந்து. ஆன் ஆகியிருந்தால் அணைத்துவிடுங்கள். அனிமேஷன் ஸ்கேலைக் குறைப்பதும் கேமுக்குள் எதையும் மாற்றாது, மெனுக்கள் திறக்கும் வேகம் மட்டும் மாறும். பூஸ்டர்கள் செய்வது பின்னணி ஆப்களைக் கொல்வது. அவற்றில் பாதி உடனே உயிர்த்தெழும், அதற்கும் பிராசசர்தான் உழைக்க வேண்டும்.

நுணல், மீடியம், லோ என்று மொத்தமாக மாற்றாமல் முதலில் இதைச் செய்து பாருங்கள். போன் ஆறியிருக்கும்போது ஒரே இடத்தில் நின்றுகொண்டு ரெண்டர் ரெசல்யூஷனை (கேம் எத்தனை பிக்சலில் படம் வரைகிறது என்ற அளவை) மட்டும் கடைசி நிலைக்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் ஏறினால் முட்டுக்கட்டை ஜிபியு (கிராபிக்ஸ் சிப்). அப்படியே நின்றால் சிபியு (பிராசசர்).

ஜிபியு என்றால் ரெசல்யூஷன், புளூம், மோஷன் பிளர், மூடுபனி, ஆன்டி அலையாசிங் ஆகியவற்றை வெட்டுங்கள். சிபியு என்றால் தொலைவுக் காட்சியையும் கூட்டத்தின் அளவையும் குறையுங்கள். நிழல் இரண்டையும் தின்னும், ஏனென்றால் காட்சியை விளக்கின் கோணத்திலிருந்து இன்னொருமுறை வரைந்தால்தான் நிழல் விழும். எனவே அதை யோசிக்காமல் அணைக்கலாம். டெக்ஸ்சரை (பொருட்களின் மேல் ஒட்டும் படங்களை) குறைத்தால் வேகம் பெரிதாகக் கூடாது, ஆனால் ரேம் மிச்சமாகும். கால் பேசித் திரும்பும்போது வரும் ரீலோடுக்கு அதுதான் உதவும்.

4 ஜிபியில் சிஸ்டமே பெரும்பங்கை எடுத்துக்கொள்கிறது. இடம் போதாதபோது பின்னால் போன கேமை ஆண்ட்ராய்டு கொன்றுவிடும். ஆடுவதற்கு முன் போனை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, வேறு எதையும் திறக்காமல் கேமைத் திறங்கள். அதற்குமேல் இதில் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. விர்ச்சுவல் ரேம் என்பது ஸ்டோரேஜின் ஒரு துண்டுதான், ரேமின் வேகம் அதற்கு வராது.

சில்லு

ஸ்டோரேஜ் விட்டுப்போயிற்று. 5 ஜிபி போதாது, குறைந்தது 10–12 ஜிபி காலி வையுங்கள். ஃபிளாஷ் மெமரி நிரம்ப நிரம்ப, எழுதுமுன் பழைய பிளாக்குகளைத் துடைத்துத் திரட்டும் வேலை கூடும். அப்போது படிக்கும் வேலையும் காத்து நிற்கும். படங்களையும் வீடியோக்களையும் எஸ்டி கார்டுக்குத் தள்ளுங்கள், கேமைத் தள்ளாதீர்கள். கார்டு இன்னும் மெதுவானது.

அப்டேட் வந்தபின் முதல்முறை போகும் இடங்களில் ஷேடர் புதிதாகக் கம்பைல் ஆவதால் உறைவது இயல்பு, இரண்டாம் முறை குறையும். தினமும் கேஷ் அழிப்பவர்கள் அந்த ஷேடர்களையும் சேர்த்து அழிக்க நேரிடும், பிறகு மறுபடி முதலிலிருந்து திக்கல்.

நுணல்

சோதித்தேன். உடனே மூடித் திறந்தபோது 19. 15 நிமிடம் ஆறவிட்டபின் 39. ரெசல்யூஷனைக் கடைசி நிலைக்கு இறக்கியதும் 47க்கு ஏறியது. 30-இல் பூட்டி, நிழலை அணைத்து, கவர் இல்லாமல் ஆடினால் 25 நிமிடம்வரை 30 நிற்கிறது, அதன்பின் 25–26. ஆனால் கேமின் மிகக் குறைந்த ரெசல்யூஷனில் எழுத்துகள்கூட மங்கலாகத் தெரிகின்றன. வேறு வழி உண்டா?

கல்லுளி

உண்டு. அப்படியானால் ஜிபியுதான். கேமில் ரெசல்யூஷனை மீடியத்துக்கு ஏற்றிவிட்டுத் திரையின் ரெசல்யூஷனையே குறைத்துப் பாருங்கள், ரூட் தேவையில்லை. பில்ட் நம்பரை ஏழுமுறை தட்டி டெவலப்பர் ஆப்ஷனைத் திறந்து, யுஎஸ்பி டீபக்கிங் ஆன் செய்து, கம்ப்யூட்டரில் ஏடிபி ஷெல் (கேபிள் வழியே போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி, adb shell) வழியாக டபிள்யூஎம் சைஸ் (wm size) கட்டளையில் 720 × 1560 கொடுங்கள். 25.27 லட்சம் பிக்சல் 11.23 லட்சம் ஆகிறது, பாதிக்கும் கீழே. டபிள்யூஎம் டென்சிட்டியையும் (wm density, ஐகான், எழுத்தின் அளவைத் தீர்மானிக்கும் எண்) மூன்றில் இரண்டாக்குங்கள் (440 என்றால் 293), இல்லாவிட்டால் ஐகான்கள் பூதாகரமாகிவிடும். விகிதம் மாறாதபடி எண்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும், மாறினால் கறுப்புப் பட்டை விழும்.

பழைய நிலைக்குத் திரும்ப இரண்டு கட்டளைகளுக்கும் பின்னால் ரீசெட் என்று சேர்த்தால் போதும். ரீஸ்டார்ட் செய்தாலும் இந்த மாற்றம் தானாகப் போகாது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று பார்த்தபிறகு டீபக்கிங்கை அணைத்துவிடுங்கள், சில பேங்க் ஆப்கள் அது ஆனில் இருந்தால் திறக்க மறுக்கும்.

கேமின் கான்ஃபிக் ஃபைலைத் திருத்தும் ஜிஎஃப்எக்ஸ் டூல்கள் பக்கம் போகாதீர்கள். ஆன்லைன் கேமில் கணக்கு பேன் ஆகலாம்.

நுணல்

போட்டுவிட்டேன். எழுத்து தெளிவாக இருக்கிறது, 40 நிமிடத்துக்குப் பிறகும் 29–30. பேட்டரி 41 டிகிரி காட்டுகிறது. 28%-இல் அணைந்ததற்கு மட்டும் வழி சொல்லுங்கள்.

சில்லு

அதற்கு செட்டிங் கிடையாது, பேட்டரி மாற்றுவதுதான் வழி. பழைய செல்லில் உள்மின்தடை ஏறிவிடும். கேம் திடீரென்று அதிக மின்னோட்டம் இழுக்கும்போது வோல்டேஜ் சரிந்து, மீட்டர் 28% காட்டினாலும் போன் அணைந்துவிடும். மாற்றும்வரை 40%-க்குக் கீழே ஆடாதீர்கள். பின்மூடி லேசாகத் தூக்கியிருக்கிறதா, திரை ஓரத்தில் இடைவெளி தெரிகிறதா என்று இன்றே பாருங்கள். உப்பியிருந்தால் ஆடவும் வேண்டாம், சார்ஜ் போடவும் வேண்டாம், அழுத்தி மூடவும் முயலாதீர்கள். அணைத்துவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.