பிரஸ்ஸல்ஸில் இந்த 329 பேர் சொல்வதை யாராவது கேட்கிறார்களா?

இளங்கதிர்:
ஐரோப்பிய ஒன்றியம் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். சட்ட வரைவு கொண்டுவரும் ஆணையம், நாடாளுமன்றம், உறுப்பு நாட்டு அமைச்சர்கள் கூடும் கவுன்சில் வரை சரி, புரிந்துவிட்டது. அப்புறம் ஐரோப்பியப் பொருளாதார சமூகக் குழு என்று ஒன்று வருகிறது. 1957 ரோம் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, 329 உறுப்பினர்கள், ஆனால் சட்டம் போடவும் முடியாது, தடுக்கவும் முடியாது, வெறும் ஆலோசனைதானாம். அதற்கு எதற்கு இத்தனை பேர்? சும்மா அலங்காரமா?

வாசுகி:
சில துறைகளில் இவர்களிடம் கருத்துக் கேட்டே ஆகவேண்டும், அது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஏற்பதுதான் கட்டாயமில்லை. கெடு வைத்தால் குறைந்தது ஒரு மாதம் தரவேண்டும், அதற்குள் பதில் வராவிட்டால் காத்திருக்காமல் மேலே போய்விடலாம்.

முதலாளிகள், தொழிற்சங்கங்கள், மூன்றாவதாக விவசாயிகள், நுகர்வோர், சுற்றுச்சூழல் அமைப்புகள் போன்றோர் என்று மூன்று அணி. பெயரைப் பரிந்துரைப்பது அந்தந்த நாட்டு அரசு, நியமிப்பது கவுன்சில், 5 வருடத்துக்கு. ஜெர்மனிக்கு 24 இடம், மால்டாவுக்கு 5. சம்பளம் கிடையாது, பயணச் செலவும் படியும் மட்டும். ஒருவர் கருத்துரையின் வரைவை எழுத, மூன்று அணிக்காரர்களும் ஒரு சிறு குழுவாக உட்கார்ந்து வரிவரியாகச் சண்டை போட்டு முடித்த பிறகுதான் அது பொது அமர்வில் வாக்கெடுப்புக்கு வரும். எதிரெதிர்த் தரப்புகள் ஒரே தாளில் ஒத்துக்கொண்ட வாசகம் என்பதால்தான் அதற்கு மதிப்பு. அதனாலேயே பல கருத்துரைகள் உப்புச்சப்பில்லாமலும் இருக்கும், அது வேறு விஷயம்.

மணிமாறன்:
வாசுகி சொல்வதெல்லாம் ஏட்டில் சரி. பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்புக்கும் முதலாளிகள் சங்கத்துக்கும் இந்தக் குழுவே தேவையில்லை, இரண்டு பேரும் தனியாகப் பேசி ஓர் ஒப்பந்தம் போட்டு அதையே சட்டமாக்கச் சொல்லிக் கேட்கலாம், 1996இல் பெற்றோர் விடுப்புக்கான உத்தரவு அப்படித்தான் வந்தது. அந்த வழி இல்லாத மூன்றாவது அணிக்குத்தான் இது உண்மையில் உபயோகம். எந்தச் சங்கத்திலும் இல்லாத உணவு டெலிவரி பையனுக்காக அங்கே யார் பேசுவார்? அமைப்பாகத் திரண்டவர்களுக்குத்தானே நாற்காலி.

நிலா_வாசகி:
மணிமாறன் அண்ணா, அந்தக் கடைசிக் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. ஆனால் யாரும் கேட்காமலே கருத்துச் சொல்லும் உரிமை 1972 முதல் இவர்களுக்கு உண்டு, அதை விட்டுவிட்டீர்கள். சீக்கிரமே கெட்டுப்போகும்படி பொருட்களைத் தயாரிப்பதை எதிர்த்து 2013 அக்டோபரில் இவர்களாகவே ஒரு கருத்துரை கொடுத்தார்கள். பழுதுபார்க்கும் உரிமைக்கான உத்தரவு 2024இல்தான் வந்தது. இவர்களால் மட்டுமே வந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் சட்ட வரைவு கைக்கு வந்த பிறகு கருத்துச் சொல்வதைவிட வரைவே இல்லாதபோது பேச்சைக் கிளப்புவதில்தான் இவர்களுக்குப் பலம். 1989இலும் அப்படித்தான், அப்போதைய ஐரோப்பிய ஆணையத் தலைவர் டெலோர் கேட்டதன் பேரில் அடிப்படைச் சமூக உரிமைகள் பற்றிப் பிப்ரவரியில் எழுதிக் கொடுத்தார்கள், டிசம்பரில் தொழிலாளர் சாசனம் வந்தது. பிரிட்டன் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

இளங்கதிர்:
நன்றி, இப்போது பிடிபடுகிறது. ஒரு கருத்துரையைப் படிப்பதென்றால் எங்கிருந்து தொடங்குவது? பார்த்தாலே தூக்கம் வருகிறது.

வாசுகி:
பின்னிணைப்பிலிருந்து தொடங்குங்கள். தோற்றுப்போன திருத்தங்களில் கால்பங்கு வாக்காவது வாங்கியவை அங்கே இருக்கும், யார் எதற்காக முரண்டு பிடித்தார்கள் என்பது அதில் தெரிந்துவிடும்.