புதுப்பிப்பு: வீட்டில் வெள்ளம் புகுந்த சக ஊழியர்களுக்கு எப்படி உதவுவது?

பொருளாக உதவுவதா, பணமாகக் கொடுப்பதா என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. பழைய துணி திரட்டியது வீண்வேலை, அவற்றைத் தரம் பிரிக்கவே இரண்டு நாள் போயிற்று. கைகொடுத்தது, எங்கள் மீதி விடுப்பு நாட்களை அவர்கள் கணக்கிற்கு மாற்றித் தரலாம் என்ற யோசனைதான். மனிதவளப் பிரிவு ஒப்புக்கொண்டதால், சம்பளப் பிடித்தமின்றி அவர்களால் வீட்டைச் சுத்தம் செய்ய முடிந்தது.

எதிர்பாராதது ஒன்று: நனைந்த சான்றிதழ்கள். ஈரத்தாளில் ஓரிரு நாட்களிலேயே பூஞ்சை பிடித்துவிடக்கூடும் என்பதால், உடனே உலர்த்த இயலாதவற்றைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு அலுவலகக் குளிர்சாதனப் பெட்டியின் ஃப்ரீசரில் வைத்து, பின்னர் சிறிது சிறிதாக எடுத்து, தாள் தாளாகப் பிரித்து மின்விசிறிக் காற்றில் உலர்த்தினோம். முத்திரை மை மட்டும் சற்றுக் கலங்கியது. செய்தி பரவி, அக்கம்பக்கத்தினரும் தங்கள் வீட்டுப் பத்திரங்களுடன் வந்துவிட்டார்கள். ஃப்ரீசரில் இன்னும் இரண்டு கட்டுகள் இருக்கின்றன.